காலை வேளைக்கு முறுகற் கிழங்கு

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மொன்றியால் மாநகரின் காலையுணவு விடுதியொன்றைக் கடந்து செல்வோர், அதன் கதவு திறக்குந்தோறும் வீதிக்கு வரும் மணத்தை நன்கறிவர். முட்டை, வாட்டிய பாண், கோப்பி ஆகியவற்றின் மணத்தோடு, தட்டின் ஓரத்தில் குவித்து வைக்கப்படும் பொன்னிறக் கிழங்குத் துண்டுகளின் மணமும் அதிற் கலந்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு மொழியில் இக்கிழங்கு ‘பொம் து தேர்’, அதாவது நிலத்து அப்பிள். கியூபெக் மக்களின் நாவிலும் விடுதிகளின் உணவுப் பட்டியலிலும் அது ‘பத்தாத்’. எம்மவர் வற்றாளங்கிழங்கு என்னும் போது எழும் ஒலிக்கும் இச்சொல்லின் ஒலிக்கும் உள்ள நெருக்கத்தை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர்.

நாம் இந்நகரிற் குடியேறிய தொடக்க ஆண்டுகளில் அத்தகைய விடுதியொன்றின் சமையலறையிற் பணிபுரிந்தோம். முதலில் தட்டுக் கழுவினோம். பின்னர் கிழங்கு நறுக்கும் நிலைக்கு உயர்ந்தோம். சனியும் ஞாயிறுமே அங்கு நெருக்கடி மிகுந்த நாட்கள். ஆதலால், ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் காலையுணவு ஆக்கிய நாம், எமது பிள்ளைகள் காலையுணவு உண்ட வேளையில் வீட்டில் இருந்ததில்லை. அவர்கள் தமிழ்ப் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில், குளிர்ந்த பாலில் ஊறிய சீரியலை விழுங்கிவிட்டு ஓடுவர். இந்நிலை எமது இல்லத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இம்மலரைக் கையிலேந்தும் பெற்றோர் பலரும் அறிவர்.

பின்னொரு காலத்தில் வேலை மாறியது. சனிக்கிழமை காலையில் வீட்டிலிருக்கும் பேறும் கிடைத்தது. அன்று எமது மூத்த மகள், “அப்பா, கடையிலை செய்த கிழங்கை எங்களுக்கும் ஒருநாள் செய்து தாங்கோவன்” என்று கேட்டாள். அது எமக்கு எளிய செயல் என்றே எண்ணினோம். பச்சைக் கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, தாச்சி நிறைய இட்டுப் பொரித்தோம். வெளிப்புறம் கருகியது, உட்புறம் வேகவில்லை, அடியில் ஒட்டியவை பசையாயின. கூரையிலிருந்த புகையறி கருவி அலறி மாடிக் குடியிருப்பு முழுவதற்கும் செய்தி அறிவித்தது. பிள்ளைகள் அன்றும் சீரியலையே உண்டு சென்றனர்.

தவறு எங்கே நேர்ந்தது? விடுதியில் எமது கைக்கு வந்தவை, முந்திய நாள் மாலையே வேறொருவர் அவித்துக் குளிர வைத்த கிழங்குகள். நாள்தோறும் அவற்றை நறுக்கியும், அவை அவிந்தவை என்பதன் பொருளை நாம் சிந்தித்துப் பார்த்ததில்லை. கிழங்கு முறுகுவதும் முறுகாமற் போவதும் பெரும்பாலும் நீரைப் பொறுத்த விடயமே என்பது அதன்பின்னரே தெளிவாயிற்று.

உருளைக்கிழங்கின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு நீர். ஒரு கிலோக் கிழங்கை வாங்கும்போது நாம் 800 கிராம் நீரையும் சேர்த்தே சுமந்து வருகின்றோம். மாணவர்கள் விஞ்ஞான பாடத்திற் கற்றிருப்பர்: ஒரு கிராம் நீரை 0 பாகை செல்சியசிலிருந்து 100 பாகை வரை சூடாக்க 100 கலோரி வெப்பம் போதும்; கொதிக்கும் அந்த நீரை ஆவியாக்கவோ 540 கலோரி வேண்டும். ஆகவே துண்டின் மேற்புறம் ஈரமாக உள்ளவரை, அடுப்பு தரும் வெப்பமெல்லாம் அந்நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். கிழங்கின் மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டுவதில்லை. பொன்னிறமும் முறுகலும் தோன்றுவதற்கோ ஏறத்தாழ 140 பாகையும் அதற்கு மேலும் வேண்டும். அவ்வெப்பநிலையிலேயே கிழங்கிலுள்ள வெல்லமும் புரதத்தின் கூறுகளும் தம்முள் வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. இவ்வினையை 1912ஆம் ஆண்டில் விளக்கியவர் லூயி கமில் மையார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. பிரெஞ்சுப் பள்ளியிற் பயிலும் எம் பிள்ளைகள் இப்பெயரை எம்மிலும் செம்மையாக உச்சரிப்பர். பாண் சுடும்போதும் கோப்பிக் கொட்டை வறுக்கும்போதும் எழும் மணத்திலும் இவ்வினைக்குப் பெரும் பங்கு உண்டு.

தாச்சியை நிறைத்து நாம் செய்த பிழையும் இப்போது விளங்கும். நெருக்கமாகக் கிடக்கும் துண்டுகளிலிருந்து எழும் ஆவி வெளியேற வழியின்றி அவற்றிடையே சுழலும். அங்கே கிழங்கு அவியுமேயன்றிப் பொரியாது.

முன்கூட்டி அவிப்பதன் பயன் ஈரத்தோடு முடிவதில்லை. கிழங்கிலுள்ள மாப்பொருள் 60, 70 பாகை அளவில் நீரை உறிஞ்சிப் பருத்துப் பசையாகும். அவித்த கிழங்கை வடித்து, அதே பாத்திரத்தில் இட்டு இலேசாகக் குலுக்கினால், விளிம்புகள் சிதைந்து இப்பசை துண்டுகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படியும். பூச்சு உலர்ந்து எண்ணெயிற் பட்டதும் ஓடுபோல் இறுகும். நாம் கடிக்கும்போது நொறுங்குவது இந்த ஓடுதான். வழுவழுப்பாக வெட்டிய துண்டைவிடச் சொரசொரப்பான துண்டுக்குப் பரப்பும் அதிகம். ஆதலால் முறுகலும் அதிகம்.

எந்தக் கிழங்கை வாங்குவது என்பதும் கருதத்தக்கது. 1845ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்தில் கிழங்குப் பயிரைக் கொள்ளை நோய் அழித்தபோது, ஏழை மக்கள் பெரும்பாலும் ஒரே இனத்தையே பயிரிட்டிருந்தமை அவர்களது துயரைப் பன்மடங்காக்கியது. ஊரை விட்டோடிய பல்லாயிரவர் 1847இல் கப்பல்களில் இந்நகரை அடைந்தனர். இங்கே காய்ச்சலால் மாண்ட ஏறத்தாழ 6,000 பேரின் நினைவாக, விக்ரோரியாப் பாலத்தைக் கட்டிய தொழிலாளர் 1859இல் நாட்டிய பெருங்கல் பாலத்தருகே இன்றும் நிற்கின்றது. அவ்வழியாற் செல்லும் பெற்றோர் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டுதல் வேண்டும். ஊரிழந்து வந்தோரின் கதை எமக்குப் புதிதன்று.

இன்று 1933இல் திறக்கப்பட்ட ஜோன் தலோன் சந்தைக்குச் சென்றால் பல இனக் கிழங்குகள் அருகருகே குவிந்திருக்கும். நீண்டு, கபிலத் தோலுடன் சொரசொரப்பாக இருப்பது ரசெட். இதில் மாப்பொருள் அதிகம். வெளியே நன்கு முறுகும், உள்ளே பஞ்சுபோல் இருக்கும். சற்று அதிகமாக அவிந்தாற் கரைந்துவிடும். செந்தோற் கிழங்கில் ஈரம் அதிகம். அது கறிக்கு நன்று, முறுகலுக்கு அவ்வளவு ஏற்றதன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது யூக்கோன் கோல்ட். ஒன்ராறியோவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் கரி ஜோன்ஸ்ரன் என்பாரின் முயற்சியால் உருவாகி 1980இல் வெளிவந்த கனடிய இனம் இது. மஞ்சட் சதையும் வெண்ணெய் போன்ற சுவையும் உடையது. புதிதாகச் செய்து பார்ப்போருக்கு இதனையே நாம் பரிந்துரைப்போம். பசுமை படர்ந்த கிழங்கை, அது எவ்வினமாயினும், தவிர்க்கவேண்டும். ஒளிபட்ட கிழங்கிற் பச்சை நிறத்தோடு சொலனின் என்னும் நச்சுப் பொருளும் பெருகக்கூடும்.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் 1970களிற் கிழங்கு நட்டு, மார்கழி, தை மாதங்களின் குளிர்காற்றை எதிர்பார்த்திருந்தோருக்கு இவையெல்லாம் வேடிக்கையாகத் தோன்றலாம். இங்கோ குளிருக்குக் குறைவில்லை. அதுவே ஒரு தொல்லை. 10 இறாத்தற் கிழங்குப் பையை வாங்கி, குளிர்காலத்தில் பல்கனியிலோ எக்காலத்திலும் குளிர்சாதனப் பெட்டியிலோ வைப்போர் எம்மிற் பலர். ஏறத்தாழ 7 பாகைக்குக் குறைந்த குளிரில் பச்சைக் கிழங்கிலுள்ள மாப்பொருளின் ஒரு பகுதி வெல்லமாக மாறும். அத்தகைய கிழங்கு உட்புறம் வேகுமுன்னரே வெளியே கருகும். அன்றியும், மாப்பொருள் மிகுந்த உணவைக் கடுஞ்சூட்டிற் பொரிக்கையில் அக்கிரிலமைட் என்னும் வேண்டாத பொருள் உண்டாவதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002இல் அறிவித்தனர். கிழங்கிற் சேர்ந்த வெல்லம் அதனை மேலும் பெருக்கும். எனவே பச்சைக் கிழங்கை வெளிச்சம் படாத, குளிர் கடுமையாக இல்லாத அலுமாரியில் வைப்பதும், பொன்னிறம் வந்ததும் அடுப்பை நிறுத்துவதும் நல்லன. அவித்த கிழங்குக்கு இவ்விலக்கு இல்லை. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், வைக்கவும் வேண்டும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். வேலையை வெள்ளி இரவுக்கும் சனி காலைக்குமாகப் பிரித்துக்கொண்டால், காலையில் இருபது நிமிடமே செலவாகும்.

வெள்ளி இரவு ஒரு கிலோக் கிழங்கைத் தோல் சீவி, இரண்டு சென்ரிமீற்றர் அளவுத் துண்டுகளாக வெட்டிக் கழுவிக்கொள்க. இரண்டு லீற்றர் குளிர்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பிட்டு, துண்டுகளையும் இட்டு அடுப்பில் ஏற்றுக. கொதிநீரில் இட்டால் உட்புறம் வேகுமுன் வெளிப்புறம் குழைந்துவிடும். ஆதலாற் குளிர்நீரிலேயே தொடங்கவேண்டும். கொதி வந்தபின் ஆறு முதல் எட்டு நிமிடம் போதும். கத்திமுனை தடையின்றி இறங்கவேண்டும், துண்டு உடையக்கூடாது.

இந்நீரில் மேலும் ஒரு பொருள் சேர்ப்பதுண்டு. அது எதுவென்பதிற் சமையலறைகளில் இரு கட்சிகள் உள. தாச்சியிற் பொரிப்பவர் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி சேர்ப்பர். கிழங்கின் கலங்களைப் பிணைத்து நிற்கும் பெக்ரின் என்னும் பொருள் அமிலத்தில் எளிதிற் கரையாது. ஆகவே துண்டுகள் உருக்குலையாமல் நிற்கும். கிழங்குக் குழம்பிற் பழப்புளியைக் கிழங்கு அவிந்த பின்னரே விடவேண்டும் என்று எம் அன்னையர் வற்புறுத்தியமைக்கும் இதுவே காரணம். முன்னதாக விட்டால் எவ்வளவு கொதித்தாலும் கிழங்கு வேகாது. போறணையிற் சுடுபவரோ வினாகிரிக்குப் பதிலாக அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா சேர்ப்பர். காரத்தன்மையாற் பெக்ரின் நெகிழ்ந்து விளிம்புகள் எளிதிற் சிதையும்; முன்னர்க் கூறிய மாப்பூச்சு தடிப்பாகப் படியும். இரண்டையும் ஒருங்கே சேர்த்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். நுரைப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் மகிழ்வதே அதிற் கிடைக்கும் பயன்.

வடித்த துண்டுகளை வெறும் பாத்திரத்தில் மீண்டும் அடுப்பிலேற்றி, ஒரு நிமிடம் குலுக்கி ஆவியைப் போக்குக. அகன்ற தட்டிற் பரப்பி ஆறவைத்து, மூடாமலே குளிர்சாதனப் பெட்டியில் வைக்க. அப்பெட்டியின் காற்று உலர்ந்தது; இரவு முழுவதும் அது எமக்காக வேலை செய்யும். காலையில் துண்டுகளின் மேற்புறம் காய்ந்திருக்கும், உட்புறம் இறுகியிருக்கும்.

சனி காலையில், வார்ப்பிரும்புத் தாச்சியோ அடி தடித்த வேறு தாச்சியோ அடுப்பில் நன்கு சூடேறியபின் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விடுக. துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காக இடுக; ஒரு கிலோ ஒரே முறையிற் கொள்ளாது, இரு முறை பொரிக்கவேண்டும். அதன்பின் நான்கு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். எம்மவருக்கு இதுவே கடினமான பகுதி. அகப்பை கையிலிருந்தாற் கிளறாமல் இருக்க மனம் ஒப்பாது. கிளறினால் ஓடு உருவாகுமுன்னரே உரிந்துவிடும். முறுகிய துண்டு தானாகவே தாச்சியை விட்டுப் பெயரும். பெயராதது இன்னும் ஆகாதது. பின்னர் தட்டகப்பையாற் புரட்டி மறுபக்கங்களையும் அவ்வாறே முறுக விடுக. போறணையாயின், எண்ணெய் பிரட்டித் தட்டிற் பரப்பி, 425 பரனைற் பாகையில், அதாவது ஏறத்தாழ 220 செல்சியசில், இடையில் ஒருமுறை புரட்டி நாற்பது நிமிடம் வைக்கலாம். காலை வேளையில் அதற்கு அவகாசமுள்ள இல்லங்கள் பேறுபெற்றவை.

செவிகொடுத்தாற் கிழங்கே நிலைமையைச் சொல்லும். முதலிற் கேட்கும் உரத்த இரைச்சல் நீர் வெளியேறும் ஒலி. அது தணிந்து மெல்லிய சலசலப்பானதும் நிறம் ஏறத் தொடங்கும். எமது இளைய மகன் பார்த்து அறிவதிலும் கேட்டு அறிவதில் வல்லவன். புரட்டவேண்டிய நேரத்தை அடுத்த அறையிலிருந்தே அறிவிப்பான்.

வெங்காயத்தைக் கிழங்கோடு சேர்த்து இடலாகாது. அதன் நீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும். தனியே வதக்கி ஈற்றிற் சேர்க்க. மிளகாய்த்தூளும் மஞ்சளும் கடைசி அரை நிமிடத்துக்கு உரியன. முன்னதாகத் தூவினாற் கருகிக் கைக்கும். விடுதிகளிற் பப்பிரிக்காத் தூள் தூவுவர். எமது வீட்டில் வறுத்த மிளகாய்த்தூளும் ஒரு நெட்டுக் கறிவேப்பிலையும். இவ்விரண்டில் எது சிறந்தது என்ற வழக்கு பிள்ளைகளுக்கும் எமக்குமிடையே இன்னும் தீரவில்லை. ஆதலால் தாச்சியின் பாதியில் ஒன்றும் மறுபாதியில் மற்றதும் தூவப்படுகின்றது.

மீந்ததை மைக்குறோவேவ் அடுப்பிற் சூடாக்கினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி ஓட்டை நனைத்துத் துவளச் செய்யும். வெறுந் தாச்சியில் மூன்று நிமிடம் வாட்டுவதே தக்கது. இதுவும் பிறர் சொல்லக் கேட்டதே. எமது வீட்டில் இதுவரை மீந்ததில்லை.