கவ்வணும்... கடிக்கக் கூடாது!

சென்னையில் மூன்றாவது மாடி ஃப்ளாட். எண்ணூறு சதுர அடி. அதில் கணவன், மனைவி, ஒரு குழந்தை, ஒரு மாமியார், ஒரு லாப்ரடார். இந்த ஐந்து பேரில், 'வேலை கிடைக்கலையே' என்று மனம் நொந்து கிடக்கும் ஜீவன் எது தெரியுமா? லாப்ரடார்தான்!

சிரிக்காதீர்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், காக்கர் ஸ்பேனியல் என்று நம் ஊர் அப்பார்ட்மென்ட்களில் சோபாவுக்கு மேட்சாக வாங்கி வைக்கிறார்களே... இத்தனையும் ஒரே டிபார்ட்மென்ட்டைச் சேர்ந்தவை. 'கன்டாக்' என்று பெயர். துப்பாக்கிக்காரனோடு கூடவே போய், சேற்றிலும் முள்ளிலும் புரண்டு உழைப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து உருவாக்கப்பட்ட உழைப்பாளி வர்க்கம்!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கம்பெனி வேலையாக இரண்டு வருடம் இங்கிலாந்தில், யார்க்ஷயர் பக்கம் இருந்தேன். பக்கத்து ஸீட்காரர் அக்கவுன்ட்ஸ் ஆசாமி. திங்கள் முதல் வெள்ளி வரை பரமசாது. சனிக்கிழமை வந்தால் ஆளே மாறிவிடுவார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி, காலடியில் ஒரு ஸ்பிரிங்கர் ஸ்பேனியல். குளிர்காலச் சனிக்கிழமைகளில் நானும் ஒட்டிக்கொண்டு போவேன். என் கையில் இருந்த ஒரே ஆயுதம், டீ ஃப்ளாஸ்க்!

ஒரு எச்சரிக்கை... இதைப் படித்துவிட்டு யாரும் துப்பாக்கி தேடக் கிளம்ப வேண்டாம். நம் நாட்டில் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முயலைச் சுட்டாலும் கம்பிதான். இங்கே நம் ஹீரோ துப்பாக்கி அல்ல, நாய்!

ஒரே ஆள், மூணு வேலை!

அங்கே பறவை வேட்டையில் இரண்டு ஜாதி. ஒன்று, பிரபுக்கள் ஸ்டைல். துரைமார்கள் வரிசையாக நிற்க, கூலிக்கு வந்தவர்கள் தட்டி, சத்தம் போட்டுப் பறவைகளை அவர்கள் தலைக்கு மேல் பறக்க விடுவார்கள். இன்னொன்று, 'ரஃப் ஷூட்டிங்'. இது நம்ம மிடில் கிளாஸ்! இரண்டு மூன்று சிநேகிதர்கள் வேலியோரமாக, வரப்போரமாக, முட்புதரை ஒட்டி நடந்துகொண்டே இருப்பார்கள். ஃபெஸன்ட் (நம்ம சேவலுக்கு நீள வால் ஒட்டவைத்த மாதிரி ஒரு பறவை), முயல், காட்டுப் புறா... எது கிளம்புகிறதோ அதுதான். ஃபெஸன்ட்டுக்கு சீஸன் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. நாள் முழுக்க நடந்து ஜலதோஷத்தோடு மட்டும் வீடு திரும்பிய நாட்களும் உண்டு.

இதில் எல்லாமே நாய்தான். புதருக்குள் ஒளிந்திருப்பதை மோப்பம் பிடிக்கணும், கிளப்பி விடணும், சுட்டு விழுந்ததைத் தேடி எடுத்து வரணும். சின்ன ஆபீஸில் டைப்பிங், டெஸ்பாட்ச், டீ வாங்கி வருவது மூன்றையும் ஒரே ஆள் பார்ப்பாரே... அந்தக் கதை!

இதிலே ஒரு நுணுக்கம். ஷாட்கன் ரவை ஏறக்குறைய 40 கஜம் வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். எனவே, நாய் எஜமானரைச் சுற்றி 30 கஜத்துக்குள்ளேயே தேட வேண்டும். அறுபது கஜம் முன்னால் ஓடிப் போய் அற்புதமாகப் பறவையைக் கிளப்பினாலும் பிரயோஜனமில்லை. மேனேஜரைத் தாண்டி ரொம்ப முன்னால் ஓடுகிற புத்திசாலிக்கு என்ன கதி என்று நமக்குத் தெரியாதா?

'ஸ்பிரிங்கர்' என்றால் பறவையைத் துள்ளிக் கிளம்ப வைப்பவன். 'காக்கர்' - உட்காக் என்ற பறவையைக் கிளப்பியதால் வந்த பெயர். ஒரு காலத்தில் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் பெரிசு ஸ்பிரிங்கர், சிறிசு காக்கர் என்று பிரித்திருக்கிறார்கள்! லாப்ரடார், கோல்டன் எல்லாம் 'ரெட்ரீவர்' பிரிவு. பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்து, சொன்ன பிறகு போய் எடுத்து வருகிற உத்தியோகம். லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களிடம் இருந்தவர்கள். இங்கிலாந்துக்கு வந்து வளர்ந்து, 1903-ல் கென்னல் கிளப்பின் அங்கீகாரம் பெற்றார்கள். கோல்டனின் கதை 1868-ல், ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபுவின் பண்ணையில் ஆரம்பம். பாயின்ட்டர், செட்டர் வகையறாவோ பறவை இருக்கும் திசையைப் பார்த்துச் சிலையாக நின்றுவிடும். ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்ட்டர், ஹங்கேரியின் விஸ்லா போன்றவை கண்டுபிடிப்பது, காட்டுவது, எடுத்து வருவது மூன்றும் தெரிந்த சகலகலாவல்லவர்கள்.

பெண் பார்க்கும் படலம்

குட்டி வாங்க நண்பர் போனபோது நானும் போனேன். நம்ம ஊரில் பெண் பார்க்கப் போன மாதிரியே இருந்தது. முதலில் ஜாதகம்! அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்கள் வரிசையாக... களப்போட்டிகளில் சாம்பியன் பட்டம் வாங்கியவர்கள் பெயர் மட்டும் சிவப்பு மையில்!

அடுத்தது, மெடிக்கல். இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்து மார்க் போடுகிறார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 0-விலிருந்து 106 வரை. மார்க் குறையக் குறைய மூட்டு நல்லது. முட்டை வாங்கினால்தான் முதல் ரேங்க்! (பள்ளிக்கூடத்தில் இந்த முறை இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.) கண் பரிசோதனை உண்டு. ஸ்பிரிங்கருக்கு ஃப்யூகோஸிடோஸிஸ் என்ற நரம்புக் கோளாறு பரம்பரையாக வரலாம். லாப்ரடார் சிலவற்றுக்குக் கடுமையாக ஓடினால் பின்னங்கால் துவண்டு விழும் வியாதி. இரண்டுக்குமே மரபணு டெஸ்ட் வந்துவிட்டது. அப்பா, அம்மாவின் ரிசல்ட்டைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதே என்பது நண்பரின் முதல் விதி.

இரண்டாவது விதி... 'குட்டியைப் பார்க்காதே, தாயைப் பார்!' எட்டு வாரக் குட்டி எல்லாமே அழகுதான், மயங்கிவிடுவோம். தாய் மிரளுகிறதா, சிடுசிடுக்கிறதா, வேலை எப்படிச் செய்கிறது என்று பார்க்கணும். 2020-லிருந்து இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியைக் கடைக்காரரோ தரகரோ விற்க முடியாது. வளர்த்தவரிடம், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்கணும்.

மூன்றாவது, கண்காட்சிப் பரம்பரை வேறு, வேலைப் பரம்பரை வேறு. பெயர் ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்குக் காது நீளம், முடி நீளம், உடம்பு கனம். மற்றது சின்னதாக, லேசாக, எந்நேரமும் துறுதுறு. சினிமாவில் போலீஸ் வேஷம் போடுபவருக்கும் நிஜ ஏட்டய்யாவுக்கும் உள்ள வித்தியாசம்.

கடைசியில் குட்டிகளை விட்டார்கள். மேலே தாவிக் குதித்த சண்டியரையும் நண்பர் எடுக்கவில்லை, மூலையில் பதுங்கிய பயந்தாங்கொள்ளியையும் எடுக்கவில்லை. நிதானமாக வந்து, பூட்ஸை மோந்துவிட்டு, நிமிர்ந்து முகத்தைப் பார்த்தது ஒன்று. அதுதான் செலக்டட்!

எல்.கே.ஜி. முதல் டிகிரி வரை

முதல் ஆறு மாதம் எல்.கே.ஜி. பெயர் சொன்னால் வரணும், உட்கார் என்றால் உட்காரணும்... அவ்வளவுதான். பிறகுதான் விசில். ஸ்பேனியல்காரர்கள் பலர் கழுத்தில் 'ஆக்மி 210.5' என்ற விசில் தொங்கும். தொலைந்து போனால் அதே நம்பர் இன்னொன்று வாங்கினால் போதும், அதே சுருதி! தவிர, நம் குரலில் கோபம் தெரியும், விசிலில் தெரியாது. ஒரு நீள ஊதல்... இருந்த இடத்தில் உட்கார். சின்னச் சின்னதாகப் பல ஊதல்... திரும்பி வா.

அந்த நீள ஊதல் இருக்கிறதே, அது உயிர் காக்கும் மந்திரம். முயலைத் துரத்திக்கொண்டு நாய் ரோட்டுக்கு ஓடினால்? துப்பாக்கி தாழ்ந்திருக்கும் திசையில் குறுக்கே பாய்ந்தால்? பறவை கிளம்பியதும் நாய் 'டக்'கென்று உட்கார்ந்தே ஆகணும் என்பது ஸ்டைலுக்காக அல்ல. துரத்துகிற நாய் குண்டடிபட்டுச் சாகும்.

அடுத்து, கான்வாஸ் துணியில் பொதிந்த ஒரு பவுண்டு 'டம்மி'. அதை எறிந்து எடுத்து வரச் சொல்வது. இங்கேதான் வேடிக்கை... எறிவதில் பாதியை நண்பரே போய் எடுத்து வருவார், நாய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்! 'விழுவதெல்லாம் உனக்கில்லை' என்று அதற்குப் புரியணுமாம். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் பாடம் கிடையாது. சரியாகச் செய்ததோடு முடித்துவிடணும்.

துப்பாக்கிச் சத்தம் பழக்குவது தனிக் கலை. குட்டி சாப்பாட்டிலோ விளையாட்டிலோ மும்முரமாக இருக்கும்போது, வெகுதூரத்தில் ஒருவர் சின்னதாக ஒரு வெடி. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே. அவசரப்பட்டுக் காதருகில் வெடித்தால் போச்சு. ஆயுசுக்கும் மிரளும். தீபாவளியன்று நம் வீட்டு டைகர் கட்டிலுக்கடியில் ஏன் நடுங்குகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எல்லாவற்றிலும் உச்சம், 'ஸாஃப்ட் மவுத்'. வாயில் கவ்வணும், கடிக்கக் கூடாது! களப்போட்டியில் ஜட்ஜ் பறவையின் விலா எலும்பைத் தடவிப் பார்ப்பார். நொறுங்கியிருந்தால் நாய் அவுட். இது பாதி பிறவிக் குணம், பாதி வளர்ப்பு. குட்டியின் வாயிலிருந்து எதையும் வெடுக்கென்று பிடுங்கக் கூடாது, கயிறு இழுக்கும் விளையாட்டு கூடாது. பிடுங்கப் பிடுங்கத்தான் அது பல்லை அழுத்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாய்ப் பயிற்சிக்கு 'உடைப்பது' என்றே அங்கே பெயர்! அந்தக் காலம் மலையேறி வருகிறது. ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டையை வேல்ஸில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள்.

மூக்கா, விசிலா?

ஒரு டிசம்பர் சனிக்கிழமை. அந்தச் செலக்டட் குட்டிக்கு அப்போது ஒன்றரை வயது, முதல் சீஸன். ஃபெஸன்ட் ஒன்று கிளம்பியது, நண்பர் சுட்டார், விழுந்தது... ஆனால் சாகவில்லை. இறக்கை ஒடிந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் முட்புதருக்குள் ஓடிவிட்டது. சைவக்காரனான எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நண்பர் முகமும் சுருங்கிவிட்டது. "நாய் எதுக்குன்னு கேட்டீங்களே... இதுக்குத்தான். அது கிடைக்கலைன்னா ராத்திரி பூரா துடிச்சுக்கிட்டுக் கிடக்கும். தேடி எடுக்க நாய் இல்லாதவனுக்குச் சுடறதுக்கு உரிமையே இல்லை" என்றார்.

பறவை இடது பக்கம் ஓடியது என்று அவருக்கு நிச்சயம். நாயோ வலது பக்கமே போனது. நீளமாக விசில் ஊதினார். கொட்டும் குளிர் தண்ணீரில், ஓடை நடுவிலேயே நின்று உட்கார்ந்தது அது! இடது பக்கம் கை காட்டினார். போய்த் தேடிவிட்டு வெறும் வாயோடு வந்தது. மறுபடி ஊதினார், மறுபடி உட்கார்ந்தது. ஆனால் இந்த முறை அவர் முகத்தைப் பார்த்தது, வலது பக்கம் திரும்பியது, மறுபடி அவரைப் பார்த்தது.

விசிலை உதடு வரை கொண்டுபோன நண்பர், ஊதவில்லை. கையை இறக்கிவிட்டார். "மூக்கு அதுகிட்டதானே இருக்கு!"

ஐந்து நிமிஷம். எனக்கு அரை மணி மாதிரி இருந்தது. முட்புதர் அசைந்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தது நாய்... வாயில் பறவை, கண் திறந்தபடி. ஒரு நொடியில் நண்பர் அதன் வேதனையை முடித்தார். விலாவைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு எலும்பு நொறுங்கவில்லை.

நான் மாறவில்லை, இன்றைக்கும் சாம்பார் சாதம்தான். ஆனால், பதினாறு மாதம் கீழ்ப்படியக் கற்றுக்கொடுத்துவிட்டு, கடைசியில் 'உனக்கு என்னைவிடத் தெரியும்' என்று விட்டுக்கொடுக்கத் தெரிந்த ஒரு பாஸை அன்றைக்குத்தான் பார்த்தேன்!

சரி, நமக்கென்ன?

இதே மூக்குதான் ஈராக்கில் ஒளித்துவைத்த ஆயுதங்களைக் கண்டுபிடித்து, 2003-ல் பஸ்டர் என்ற ஸ்பிரிங்கருக்கு டிக்கின் மெடல் வாங்கித் தந்தது. இதே மூக்கை மூன்றாவது மாடியில் பூட்டிவைத்துவிட்டு, 'செருப்பைக் கடிக்குது சார்' என்றால்? அது கடிக்கவில்லை, உங்களுக்கு எடுத்து வருகிறது! எவ்வளவு போட்டாலும் 'பசி' என்று பார்க்கிறதா? அதற்கும் காரணம் உண்டு. ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஒரு துண்டு குறைவு என்று 2016-ல் கேம்ப்ரிட்ஜில் கண்டுபிடித்தார்கள்.

வாங்கும் முன் யோசியுங்கள். தாயைப் பார்க்காமல், டெஸ்ட் பேப்பர் இல்லாமல் வாங்காதீர்கள். தடித்த ரோமம், நம்ம மே மாத வெயில்... ஓட்டமெல்லாம் விடியற்காலையோடு சரி. நேரமே இல்லையென்றால், தயவுசெய்து வாங்கவே வேண்டாம். வாங்கியாகிவிட்டதா? பழைய சாக்ஸில் துணி அடைத்து டம்மி செய்யுங்கள். பிஸ்கட்டை ஒளித்துத் தேடச் சொல்லுங்கள். காலையில் பதினைந்து நிமிஷம், மாலையில் பதினைந்து நிமிஷம், நடைப்பயிற்சிக்கு மேலே. செருப்பு தப்பிக்கும், நாய்க்கு முகம் மலரும்.

வேலை கொடுங்கள் சார்! நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்து, நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக இருக்க நாயால் முடியாது. அதற்கெல்லாம் ஆபீஸில் பல வருஷ சர்வீஸ் வேண்டும்!