ஆளில்லாத மலைக்கு முதல் டிராம்

1881-இல், பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஹாங்காங்கின் மலை உச்சிக்குப் பெரும்பாலான துரைமார் ஆள் தோளில்தான் போனார்கள். மூங்கில் கழிகளில் கட்டிய நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்திருக்க, சீனக் கூலிகள் சுமந்து ஏறுவார்கள். ஏன் இந்தப் பாடு? நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும். நானூறு மீட்டரில் இரண்டு மூன்று டிகிரி. கடலோரப் புழுக்கத்தில் வெந்தவர்களுக்கு அது சொர்க்கம். ஆளுநர் 1860-களிலேயே மேலே கோடை மாளிகை வைத்துக்கொண்டார். மற்றவர்கள் தினமும் தோளேறி அலுவலகம் போய்வர முடியுமா? மலையில் வீடுகள் பெருகவில்லை.

ஸ்காட்லாந்து ரயில்வேயில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஃபின்ட்லே ஸ்மித்துக்கு அந்த மலைக் கணவாயில் ஒரு ஹோட்டல் இருந்தது. 1881-இல் அவர் ஆளுநரிடம் மனுப் போட்டார்: மலைமேல் ரயில் போட உரிமை வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம். ஹாங்காங்கில் ஒரு தேவாலயத்தின் மனை தவிர நிலமெல்லாம் அரசுக்கே சொந்தம். மக்களுக்குக் கிடைப்பது குத்தகைதான். ரயில் வந்து மலை மனைக்கு மதிப்புக் கூடினால் ஹோட்டல்காரருக்கு லாபம், குத்தகைக்கு விடும் அரசுக்கும் லாபம். பேரம் படிய இதைவிட நல்ல சூழல் ஏது?

என்றாலும் தனியாருக்குத் தெருவைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. பிரிட்டனின் 1870-ஆம் வருஷ டிராம் சட்டத்தைப் பார்த்தால் அக்காலப் பேரத்தின் சாயல் தெரியும். தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட சாலையையும் வெளிப்புறத்தில் 18 அங்குலத்தையும் கம்பெனியே செப்பனிட வேண்டும். 21 வருஷம் கழித்து உள்ளாட்சி அமைப்பு நினைத்தால் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிடலாம். காலனிகளில் நிபந்தனைகள் ஊருக்கு ஊர் மாறின.

ஹாங்காங்கின் டிராம் சட்டம் 1883-இல் வந்தது. அதில் ஆறு பாதைகள். ஐந்து கடலோர நகரத்துக்கு, ஒன்று மலைக்கு. 1888 மே மாதம் ஓடத் தொடங்கியது மலைப்பாதை. ஜனம் நெரிந்த கீழ்த்தெருக்களுக்கு டிராம் வந்ததோ 1904-இல்! கூட்டம் டிக்கெட் காசு தரும். காலி மனை அதைவிடப் பெரிய காசு தரும் என்று முதல் போட்டவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

பாதை கட்டியது லேசான வேலையல்ல. இயந்திர உதவி இல்லாமல், தண்டவாளங்களையும் கனத்த பாகங்களையும் தொழிலாளர்களே மேலே இழுத்துச் சென்றார்கள். சில இடங்களில் சரிவு 25 டிகிரிக்கும் மேல். அங்கே சாதாரண ரயிலின் சக்கரம் வழுக்கும். அதனால் வண்டியில் எஞ்சினே கிடையாது. கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டியதுபோல, எஃகு வடத்தால் பிணைத்த இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கும்போது அதன் எடையே மற்றதைத் தூக்கிவிடும். எடை வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டும் நீராவி எஞ்சின் ஈடுகட்டினால் போதும். ஒற்றைத் தண்டவாளப் பாதை நடுவழியில் இரண்டாகப் பிரியும். பெட்டிகள் அங்கே விலகிக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை: மேலே ஒருவர் இறங்க வண்டி நின்றால், கீழே வரும் வண்டியும் காரணமே தெரியாமல் காட்டு நடுவில் நின்றுவிடும்.

முதல் வருஷமே சுமார் ஒன்றரை லட்சம் பேர் ஏறினார்கள். மலையில் பங்களாக்கள் முளைத்தன. பெட்டியில் மூன்று வகுப்புகள்: முதலாவது அதிகாரிகளுக்கும் மலைவாசிகளுக்கும், இரண்டாவது ராணுவத்தாருக்கும் போலீசுக்கும், மூன்றாவது மற்ற மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும். யார் சுமந்து கட்டினார்களோ அவர்களுக்கு மூன்றாவது. 1904-இல் வந்த சட்டம், வேலைக்காரர்கள் தவிர வேறு சீனர் மலையில் குடியிருக்கக் கூடாது என்றது.

1908 முதல் பெட்டியின் முன்வரிசையில் இரண்டு இருக்கைகள் ஆளுநருக்கென ஒதுக்கப்பட்டன. புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்வரை அவற்றில் வேறு யாரும் உட்காரக் கூடாது. குடியிருப்புத் தடைச் சட்டம் 1946-இல் நீங்கியது. ஆளுநரின் இருக்கை 1949 வரை இருந்தது.