மையிலிருந்து தொடங்கு

அக்கா மகள் போன வாரம் வந்திருந்தாள். கட்டடக்கலை முதலாம் ஆண்டு. "மாமா, தூக்கிப்போடுற பேனாவா வாங்கி வாங்கி அலுத்துப்போச்சு. மை ஊத்திக்கிற மாதிரி ஒண்ணு வேணும். படமும் வரையணும், கிளாஸ்ல நோட்ஸும் எழுதணும். எது வாங்கட்டும்?" என்றாள். டீ போட்டு எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் மையை முடிவு செய், பேனா பிறகு. சாதாரண ராயல் ப்ளூ என்பது தண்ணீரில் கரைத்த சாயம். எழுதுவதற்கு அருமையானது, பேனாவை அடைக்காது. ஆனால் அதில் கோடு போட்டு மேலே வாட்டர் கலர் பூசினால் கோடு கலைந்து ஓடும். அதுவும் ஒரு வசதிதான்: ஈரத் தூரிகையால் அந்தக் கோட்டை இழுத்துவிட்டால் நிழல் தானாக விழும். கோடு அசையாமல் நிற்க வேண்டுமென்றால் நிறமித் துகள் கலந்த மை வேண்டும். ஜப்பானின் பிளாட்டினம் நிறுவனத்து கார்பன் மை அப்படிப்பட்டது. மிக நுண்ணிய கரித்துகள். நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது.

ஓவியப் பொருள் கடையில் 'இந்தியன் இங்க்' என்று கொடுப்பார்களே, அது வேறு. அதில் பெரும்பாலும் அரக்கு சேர்ந்திருக்கும். தொட்டுத் தொட்டு வரையும் நிப்புக்கானது. மைப்பேனாவுக்குள் ஊற்றவே ஊற்றாதே. என் நல்ல பேனா ஒன்று அப்படித்தான் போனது. இன்றும் மனம் ஆறவில்லை.

ஏன் அடைக்கிறது? நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையை நாக்கு என்போம். அதில் முடிபோல மெல்லிய வாய்க்கால்கள் ஓடும். மெல்லிய இடுக்கில் திரவம் தானே ஊர்ந்து செல்லுமே, அந்தக் குணத்தால் மை இறங்குகிறது. இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று மேலே போகிறது. 1884இல் நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்றது இப்படிப்பட்ட நாக்குக்குத்தான். அரக்கு காய்ந்து அந்த வாய்க்காலில் இறுகிவிட்டால் பேனா வெறும் குச்சி.

அடுத்தது, மை எங்கே தங்குகிறது என்பது. கன்வர்ட்டர் என்பது திருகினால் மையை உறிஞ்சும் சிறு குழாய். ஏறக்குறைய முக்கால் மில்லிதான் கொள்ளும். ஒரு 60 மில்லி குப்பி வாங்கினால் 80 தடவை நிரப்பலாம். பழைய வழி, கழுத்தைத் திருகிக் கழற்றி ஃபில்லரால் பேனாவின் உடம்பிலேயே மை ஊற்றுவது. இரண்டு மூன்று மில்லி சர்வசாதாரணமாகப் பிடிக்கும். திருவள்ளூர் ரங்கா, ராஜமுந்திரி ரத்னம் எல்லாம் எபோனைட் என்ற இறுகிய ரப்பரைக் கடைந்து செய்யும் பேனாக்கள். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் உள்ளே மை கால்வாசிக்கும் கீழே போனால், கைச்சூட்டில் காற்று விரிந்து மையைத் தள்ளும். பேனா கக்கிவிடும். நோட்டில் என்றால் ஒற்றி எடுக்கலாம். மூன்று மணி நேரம் வரைந்த கோபுரத்தின் மேல் விழுந்தால்? அதனால் படத்துக்கு கன்வர்ட்டர் பேனாவே முதலில் வாங்கு என்றேன். ஊற்றும் பேனா எழுத்துக்கு இருக்கட்டும், பாதி குறைந்ததும் நிரப்பிவிடு.

நிப்பில் 'எஃப்' என்றால் மெல்லியது. ஜப்பானிய எஃப் பெரும்பாலும் ஐரோப்பிய எஃப்பைவிட மெல்லிசாக இருக்கும். நம் எழுத்துக்கு இது முக்கியம்: பட்டை நிப்பில் பொடியாக எழுதினால் 'ண'வின் சுழிகள் அடைந்துபோகும். படத்திலும் குறுக்குக் கோடு போட்டு நிழல் கட்ட மெல்லிய நிப்பே நல்லது. நுனி மேல்நோக்கி வளைந்த ஃபுடே நிப் ஒன்று உண்டு. நிமிர்த்திப் பிடித்தால் மெல்லிய கோடு, சாய்த்தால் பட்டைக் கோடு. ஆசையாகத்தான் இருக்கும், ஆறு மாதம் போகட்டும்.

அழுத்தாதே. பால்பாயிண்டில் அழுத்தி அழுத்திப் பழகிய கை, நிப்பின் பிளவை விரித்துவிடும். பேனாவை அதன் எடைக்கே விட்டால் போதும்.

காகிதத்தைக் கடையிலேயே சோதித்துவிடலாம். ஒரு கோடு போட்டுப் பின்பக்கம் பார். ஊறித் தெரிந்தால் அந்த நோட்டு பென்சிலுக்கு.

கார்பன் மை போட்ட பேனாவைக் காயவிடாதே. தினம் இரண்டு கோடாவது போடு. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி வெளியே விடு. வெந்நீர் வேண்டாம், நாக்கு கோணிவிடும். தண்ணீர் தெளிந்து வந்ததும், டம்ளரில் பழைய துணியை மடித்துப் போட்டு, நிப் கீழே இருக்கும்படி ராத்திரி முழுக்க நிறுத்தி வை. மிச்ச ஈரத்தைத் துணி குடித்துவிடும். காலையில் மை நிரப்பலாம்.