விலங்கிற்கு ஏற்ற நிலம்
மிருகக்காட்சி சாலைகளின் புதிய அமைப்பும் நம் பஞ்சாயத்துகளும்

பயிரிடும் முன்னர் உழவர் நிலத்தைப் பார்க்கிறார். மண் கரிசலா செம்மண்ணா, நீர் தேங்குமா வடியுமா, நிழல் எந்தப் பக்கம் விழும் என்பவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னரே விதையைத் தேர்ந்தெடுக்கிறார். மேட்டு நிலத்தில் நெல்லை நட்டுவிட்டு, விளையவில்லையே என்று வருந்தும் உழவர் எவரும் இலர். இவ்வெளிய உண்மையை விலங்குகளின் விஷயத்தில் கடைப்பிடிக்க உலகத்து மிருகக்காட்சி சாலைகளுக்கு மிக நீண்ட காலம் சென்றது. அவ்வரலாற்றையும் அதனால் விளைந்த புதிய முறையையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இதில் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு இரு வகையில் உண்டு. ஆண்டுதோறும் நம் கிராமத்துப் பிள்ளைகளைச் சுற்றுலாவாக மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துச் செல்கிறோம். அங்கே அவர்கள் எதைக் கற்றுத் திரும்ப வேண்டும் என்பது நாம் கவனிக்க வேண்டிய ஒன்று. மேலும், கிராமப் பூங்காக்களுக்குத் திட்டம் வகுக்கும்போது, "ஒரு கூண்டு கட்டி நான்கு மான்களையும் இரண்டு மயில்களையும் விட்டால் ஊருக்கு அழகாக இருக்குமே" என்ற யோசனை எழுவது உண்டு. நல்ல எண்ணத்துடன் சொல்லப்படும் யோசனைதான். எனினும் அதனை ஏன் ஏற்க இயலாது என்பதை உறுப்பினர்கள் காரணத்துடன் அறிந்திருத்தல் நலம்.

பழைய முறை

சென்ற நூற்றாண்டுகளில் மிருகக்காட்சி சாலைகள் கடைவீதியைப் போல் வரிசை வரிசையாக அமைக்கப்பட்டன. புலி, சிங்கம், சிறுத்தை ஆகிய பூனை இனங்கள் ஒரு கட்டிடத்திலும், குரங்கினங்கள் மற்றொரு கட்டிடத்திலும், பறவைகள் வேறோரிடத்திலும் வைக்கப்பட்டன. உறவு முறையால் ஓரினமாயினும் அவை வாழும் நிலம் ஒன்றல்ல என்பது அக்காலத்தில் பெரிதாகக் கருதப்படவில்லை. பாலையில் வாழ்வதும் பனிமலையில் வாழ்வதும் அடுத்தடுத்த கூண்டுகளில் நின்றன.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுகாதாரம் கருதிச் சிமெண்டுத் தரையும் ஓடு பதித்த சுவரும் வந்தன. நாள்தோறும் குழாய் நீரால் கழுவிவிடலாம். நோய்க் கிருமிகள் தங்கா. அந்நோக்கம் சரியானதே. ஆனால் தோண்டுவதற்கு மண்ணும், ஏறுவதற்கு மரமும், பிறர் பார்வையினின்று ஒதுங்குவதற்கு ஒரு புதரும் அங்கு இல்லை. கட்டுத்தறியிலேயே நாள் முழுதும் நிற்கும் மாடு எவ்வாறு சோர்கிறது என்பதை நம் உழவர்கள் நன்கு அறிவர். அதே நிலை காட்டு விலங்கிற்கு வாய்த்தால் துன்பம் பன்மடங்காகிறது. ஒரே தடத்தில் முன்னும் பின்னும் ஓயாமல் நடத்தல், நின்ற இடத்திலேயே உடலை ஆட்டிக் கொண்டிருத்தல், தன் உரோமத்தைத் தானே பிடுங்கிக் கொள்ளுதல் முதலியன அத்துன்பத்தின் அடையாளங்களாகும். யானை அசைந்தாடுவதைக் கண்டு அது மகிழ்ச்சியில் ஆடுகிறது என்று குழந்தைகளிடம் கூறுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

அகழி முறை

இரும்புக் கம்பிகளை முதன்முதலில் பெரிய அளவில் அகற்றிக் காட்டியவர் ஜெர்மனி நாட்டு மிருக வியாபாரியான கார்ல் ஹாகன்பெக் ஆவார். விலங்குகள் எவ்வளவு உயரமும் அகலமும் தாண்டும் என்பதை அவர் சோதித்து அளந்தார். அந்த அளவிற்கு மேற்பட்ட அகலமுள்ள அகழிகளை வெட்டி, 1907ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகருக்கு அருகே ஸ்டெல்லிங்கன் என்னுமிடத்தில் தம் விலங்குப் பூங்காவைத் திறந்தார். செயற்கைப் பாறைகளுக்கு முன்னே விலங்குகள் திறந்த வெளியில் உலாவின. அகழி பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாது.

இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் அது பெரிதும் பார்ப்பவர் கண்ணுக்காக அமைந்த காட்சி. விலங்கு நின்ற தரை, அது பிறந்த நிலத்தை ஒத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் முழுமை பெறுவதற்கு மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன.

சியாட்டில் நகரம் கண்ட வழி

அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள சியாட்டில் நகரத்தில் உட்லண்ட் பார்க் என்னும் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. அதன் பரப்பு 92 ஏக்கர். அதனைச் சீர்திருத்துவதற்காக அப்பகுதி மக்கள் 1968ஆம் ஆண்டில் வாக்களித்து 45 இலட்சம் டாலர் கடன் திரட்ட ஒப்புதல் அளித்தனர். பணம் இருந்தும் வேலை உடனே தொடங்கவில்லை. முதலில் வரையப்பட்ட திட்டத்தை 1974ஆம் ஆண்டில் வாக்காளர்கள் நிராகரித்து விட்டனர். பொதுப்பணத்தை எவ்வாறு செலவிடுவது என்பதில் பொதுமக்கள் இவ்வாறு கருத்துச் சொல்வது நம் கிராம சபைகளுக்கும் புதிதன்று.

பின்னர் டேவிட் ஹான்காக்ஸ் என்ற கட்டிடக் கலைஞரின் முன்முயற்சியில், ஜோன்ஸ் அண்டு ஜோன்ஸ் என்னும் நில அமைப்பு நிறுவனத்தார் 1976ஆம் ஆண்டில் நெடுங்காலத் திட்டம் ஒன்றைத் தயாரித்தனர். எந்தக் கட்டிடத்தை எங்கே கட்டுவது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, இந்த நிலம் எத்தகையது என்ற கேள்வியுடன் அவர்கள் தொடங்கினர். சரிவு எங்கே, நிழல் எங்கே, ஈரம் எங்கே, காற்றுக்கு மறைவான இடம் எது, நிற்கும் மரங்கள் எவை என்று அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தனர்.

அடுத்தபடியாக உலகத்தின் தட்பவெப்ப மண்டலங்களை எடுத்துக் கொண்டனர். வெப்பமும் மழையும் ஈரப்பதமும் சேர்ந்து ஓரிடத்தின் தாவரங்களைத் தீர்மானிக்கின்றன என்று லெஸ்லி ஹோல்ட்ரிட்ஜ் என்ற வன விஞ்ஞானி 1947ஆம் ஆண்டில் ஒரு பாகுபாட்டை வெளியிட்டிருந்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு, மழைக்காடு, புல்வெளி, பாலை, மிதவெப்பக் காடு, வடதிசைப் பனிக்காடு என்றவாறு மிருகக்காட்சி சாலை மண்டலங்களாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு மண்டலத்திற்கும் உரிய விலங்குகள் மட்டுமே அங்கே இடம் பெறும். புலியைச் சிங்கத்தின் அருகில் வைக்கும் பழைய வழக்கம் இத்துடன் நீங்கிற்று.

இக்கருத்து தமிழருக்கு எளிதில் விளங்கும். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் உரிய விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று தொல்காப்பியம் வகைப்படுத்துகிறது. நிலத்தைச் சொன்னால் அதில் வாழும் உயிர்களும் உடன் தோன்றும் என்பது இரண்டிற்கும் பொதுவான எண்ணம்.

அமைப்பு முறை

1979ஆம் ஆண்டில் அங்கே கொரில்லாக் குரங்குகளுக்காகத் திறக்கப்பட்ட இடம் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். சிமெண்டு அறைகளில் வாழ்ந்த கொரில்லாக்கள் மண்ணும் புல்லும் மரங்களும் உள்ள வெளியில் விடப்பட்டன. அவை செடிகளைப் பிடுங்கி எறிந்துவிடும், மரத்தினின்று விழும், மண்ணால் நோய் வரும் என்றெல்லாம் அஞ்சியோர் இருந்தனர். அச்சங்களை மீறி அவ்வமைப்பு நிலைபெற்று, பிற நாட்டு மிருகக்காட்சி சாலைகளுக்கும் வழிகாட்டிற்று. அடுத்த ஆண்டிலேயே ஆப்பிரிக்கப் புல்வெளி மண்டலமும் திறக்கப்பட்டது.

இம்முறையின் முக்கியக் கூறுகள் வருமாறு:

1. விலங்கு நிற்கும் நிலமும் பார்வையாளர் நடக்கும் பாதையும் ஒரே காட்டின் பகுதிகளாகத் தோன்ற வேண்டும். வருபவர் காட்டிற்குள் நுழைந்து விலங்கின் இருப்பிடத்திற்கு விருந்தினராகச் செல்வதைப் போன்ற உணர்வைப் பெறுவார்.

2. அகழி, சுவர், கண்ணாடி முதலிய தடைகள் செடிகளாலும் நிலத்தின் ஏற்ற இறக்கங்களாலும் மறைக்கப்பட வேண்டும்.

3. விலங்கைப் பள்ளத்தில் வைத்து மேலிருந்து பார்த்தல் கூடாது. நம் கண்மட்டத்திலோ அதற்கு மேலோ அது நின்றால் அதனிடம் மதிப்புத் தோன்றும்.

4. பார்வையாளர் நாற்புறமும் சூழ்ந்து நில்லாமல், சில இடங்களிலிருந்து மட்டும் பார்க்க வேண்டும். விலங்கு விரும்பினால் மறைந்து கொள்ள இடம் இருக்க வேண்டும்.

5. தாவரங்கள் அந்நிலத்தில் உண்மையாகவே வளரக் கூடியனவாக இருக்க வேண்டும். சியாட்டிலின் குளிரில் வெப்ப நாட்டு மரங்கள் பிழையா. ஆகவே அவற்றைப் போன்ற பெரிய இலைகளுடைய, குளிர் தாங்கும் செடிகளைத் தேர்ந்து நட்டனர். மண்ணுக்கேற்ற மாற்றுப் பயிரைத் தேடும் உழவரின் யுக்தியே இதுவாகும்.

குறைகளும் உண்டு

எந்த முறையையும் அதன் குறைகளோடு அறிவதே முறை. சில இடங்களில் மரஞ்செடிகளை விலங்கு அழித்துவிடாதபடி மின்சாரக் கம்பி கட்டி விடுகின்றனர். அப்பொழுது பார்ப்பவருக்குக் காடாகத் தோன்றுவது விலங்கிற்குத் தொட முடியாத வேலியாகி விடுகிறது. பசுமையைக் கண்டு நாம் மயங்காமல், அம்மரத்தில் ஏற முடிகிறதா, அந்நீரில் இறங்க முடிகிறதா என்று விலங்கின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இடத்தின் அளவும் முக்கியம். சியாட்டிலில் 1989ஆம் ஆண்டில் யானைகளுக்கெனத் தனி வனப்பகுதி அமைத்தனர். அது புகழும் பெற்றது. ஆயினும் யானை போன்ற பேருயிருக்கு அவ்விடம் போதுமா என்ற விவாதம் பல்லாண்டுகள் நடந்தது. இறுதியில் அச்சாலையினர் யானை வளர்ப்பைக் கைவிட்டு, எஞ்சிய இரு யானைகளை 2015ஆம் ஆண்டில் ஓக்லஹோமா நகரத்துச் சாலைக்கு அனுப்பி விட்டனர். நிலத்திற்குத் தாங்காத உயிரை வைத்துக் கொள்ளாதிருப்பதும் இத்திட்டத்தின் ஒரு பாடமேயாகும்.

வண்டலூர்

நம் மாநிலத்திலும் இம்மாறுதல் நிகழ்ந்திருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்டு பால்ஃபர் 1855ஆம் ஆண்டில் அதன் வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். பின்னர் அது சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அருகிலிருந்த பீப்பிள்ஸ் பார்க்கிற்கு மாறிற்று. நகரம் நெருங்கி வளரவே, அங்கே விலங்குகளுக்கு இடமும் அமைதியும் குறைந்தன. 1985ஆம் ஆண்டில் வண்டலூர்க் காட்டுப் பகுதியில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்புள்ள அவ்விடத்தில் விலங்குகள் அகழி சூழ்ந்த திறந்த வெளிகளில் வைக்கப்பட்டன. அதனுள் இருக்கும் ஓட்டேரி ஏரிக்கு நீர் நிறைந்த காலங்களில் வெளியிலிருந்து பறவைகள் தாமாகவே வருகின்றன. அவற்றை எவரும் பிடித்து வந்து விடவில்லை. நீரும் மரமும் இருந்தமையால் வந்தன. இது நம் கிராமங்கள் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் 1992ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதன் அங்கீகாரமின்றி எவரும் மிருகக்காட்சி சாலை நடத்துதல் கூடாது. ஆகவே பஞ்சாயத்துப் பூங்காவில் மானையும் மயிலையும் அடைத்து வைக்கும் தீர்மானம் சட்டப்படி செல்லாது. சட்டம் ஒருபுறமிருக்க, மருத்துவரும் தனிப் பணியாளரும் போதிய இடமும் இல்லாத ஊரில் அவ்வுயிர்கள் சில ஆண்டுகளிலேயே நலிந்து போகும்.

சுற்றுலா செல்வோர் கவனிக்க வேண்டியதும் உண்டு. மிருகக்காட்சி சாலையில் விலங்குகளுக்குத் தீனி போடுதல், சீண்டுதல், கல்லெறிதல், குப்பை போடுதல் ஆகியன அச்சட்டப்படி குற்றங்களாகும். விலங்கு கண்ணில் படவில்லையென்று கூச்சலிடும் பிள்ளைகளுக்கு, அது நிழலில் ஓய்வெடுக்கிறது, சற்றுப் பொறுத்திருந்து பார்ப்போம் என்று ஆசிரியர் சொல்லித் தருவாரானால் அதுவே நல்ல பாடம்.

ஊரில் உயிரினங்களைக் காண விரும்பும் பஞ்சாயத்திற்குக் கூண்டைவிடச் சிறந்த வழி இருக்கிறது. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதற்கென அரசின் ஆணையையும் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயல்களுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. மக்கள் அவற்றிற்குத் தொல்லை தருவதில்லை.

ஆகவே பூங்காவிற்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஏரிக்கரைக்குத் திருப்புவோம். கரையிலும் ஏரியினுள் உள்ள திட்டுகளிலும் கருவேலும் நீர்க்கடம்பும், ஊர்ப் பொதுவிடங்களில் ஆலும் அரசும் அத்தியும் நடுவோம். கோயில் காடுகளை வெட்டாது காப்போம். ஏரியைத் தூர் எடுக்கும்போது நடுவில் சில திட்டுகளை விட்டுவைப்போம். மரம் நடும் பணியைத் தொடங்குமுன் உறுப்பினர்கள் ஒருமுறை கரையைச் சுற்றி நடந்து, எங்கே ஈரம் நிற்கிறது, எந்த மரத்தில் இப்பொழுதே கூடுகள் இருக்கின்றன என்று குறித்து வரவேண்டும். அக்குறிப்புடன் வரும் தீர்மானத்திற்கு மதிப்பீடு தயாரித்துத் தர வட்டார வளர்ச்சி அலுவலகங்களில் உள்ள நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.