ஒரு வாக்காளருக்கு மூன்றரைப் பைசா

டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலில் நிற்கும் ஒருவர் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் செலவழிக்கலாம். 2024 தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 1.45 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு வாக்காளருக்கு ஏறக்குறைய மூன்றரைப் பைசா. தேர்தல் எப்போது, நான் யார், எனக்கு ஏன் வாக்களிக்க வேண்டும் என்று ஒரு மாணவருக்கு அறிவிக்க விதிப்படி கையில் இருக்கிற பணம் அவ்வளவுதான். ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கவே ஒரு ரூபாய் ஆகும்.

ஆனால் தேர்தல் நெருங்கும் நாட்களில் விஸ்வவித்யாலயா மெட்ரோ நிலையத்தில் இறங்கி, சத்ரா மார்க் வழியாகக் கலைப் புலம் வரை நடந்து பாருங்கள். ஓடும் கார்களிலிருந்து அள்ளி வீசிய துண்டுப் பிரசுரங்கள் தார் தெரியாத அளவுக்குச் சாலையில் கிடக்கும். மெட்ரோ தூண், பேருந்து நிழற்குடை, கல்லூரிச் சுற்றுச்சுவர் என்று எதுவும் தப்பாது. விதியில் உள்ள கணக்கும் வீதியில் கிடக்கிற காகிதமும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை.

ஐயாயிரம் வந்த கதை

முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு மாணவர் தேர்தலுக்கு விதிமுறைகள் வகுத்தது. உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்று 2006 செப்டம்பர் 22 அன்று ஆணையிட்டது. முக்கியமானவை நான்கு:

• ஒரு வேட்பாளருக்குச் செலவு வரம்பு 5,000 ரூபாய்.
• அச்சடித்த சுவரொட்டி, துண்டுப் பிரசுரம் கூடாது. கையால் எழுதியதை மட்டும், குறித்த இடங்களில் ஒட்டலாம்.
• மனுத் தாக்கல் முதல் முடிவு அறிவிப்பு வரை மொத்தம் 10 நாளுக்குள் முடிய வேண்டும்.
• முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள், தணிக்கை செய்த செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும்.

2006-க்குப் பிறகு விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அன்றைய 5,000 ரூபாய்க்கு வாங்கியதை இன்று வாங்க 15,000 ரூபாய் போதாது. வரம்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

அதே நகரத்துச் சட்டமன்றத் தேர்தலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2025-இல் டெல்லியின் 70 தொகுதிகளில் வாக்காளர்கள் சுமார் 1.55 கோடி, தொகுதிக்குச் சராசரி 2.2 லட்சம். வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். ஆக, ஒரு வாக்காளருக்கு 18 ரூபாய். மாணவத் தலைவருக்கு மூன்றரைப் பைசா, சட்டமன்ற உறுப்பினருக்கு 18 ரூபாய். 500 மடங்குக்கு மேல் வித்தியாசம்.

கையால் எழுதினால்

விதியை எழுத்துக்கு எழுத்து மதிக்கும் ஒரு வேட்பாளரை எடுத்துக்கொள்வோம். வாக்குப்பதிவு நடக்கும் கல்லூரிகள் சுமார் 50. கல்லூரிக்கு இரண்டு இடம் என்று கணக்குப் பிடித்தால் 100 இடம். 5,000 ரூபாயைப் பிரித்தால் ஓர் இடத்துக்கு 50 ரூபாய் வரும். சார்ட் அட்டையும் மார்க்கர் பேனாவும் பசையும் வாங்கலாம். வடக்கு வளாகத்திலிருந்து தௌலா குவான் பக்கம் உள்ள தெற்கு வளாகம் வரை போய்வரும் பயணச் செலவைச் சேர்த்தால் அதுவும் இடிக்கும். பின்னால் கட்சி அமைப்போ வசதியான குடும்பமோ இல்லாத ஒரு மாணவி இந்த வரம்புக்குள் நின்றால், அவர் நிற்பதே பலருக்குத் தெரியாமல் போகும். வரம்பு யாரைக் காப்பாற்ற வந்ததோ அவரைத்தான் முதலில் முடக்குகிறது.

மற்றவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அச்சடித்த சுவரொட்டியைக் கிட்டப் போய்ப் படித்தால் பெயரில் ஓர் எழுத்து கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும். பார்க்கிறவருக்கு ஆள் யார் என்று புரிந்துவிடும். விசாரணை வந்தால் 'இது என் பெயரே இல்லை' என்று சொல்லிவிடலாம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் இப்படித் தப்புவது கடினம். அங்கே ஒவ்வொரு சுவரொட்டியிலும் அச்சகத்தின் பெயரும் முகவரியும் வெளியிட்டவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்.

59 நாள்

2024 செப்டம்பர் 27 வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய நாள் டெல்லி உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: வாக்குப்பதிவு நடக்கலாம், ஆனால் சுவரொட்டிகளையும் கிறுக்கல்களையும் அகற்றிப் பொதுச் சொத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை எண்ணக்கூடாது. வாக்குகள் எண்ணப்பட்டது நவம்பர் 25 அன்று. 10 நாளில் மொத்தமும் முடிய வேண்டிய தேர்தலில், வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவிலேயே 59 நாள் கரைந்தது. அடுத்த தேர்தல் 2025 செப்டம்பர் 18-இல் வந்துவிட்டதால், அந்தச் சங்கத்துக்குக் கிடைத்த காலம் பத்து மாதம்கூட இல்லை. விடுதி, கட்டணம், பேருந்து என்று மாணவர்கள் அடுக்கி வைத்திருந்த கோரிக்கைகளுக்குப் போகவேண்டிய நாட்கள், சுவர் கழுவக் காத்திருந்ததில் போயின.

ஒரு லட்சம்

2025-இல் பல்கலைக்கழகம் புதிய நிபந்தனை விதித்தது. ஒவ்வொரு வேட்பாளரும் சுவரைக் கெடுக்கமாட்டேன் என்று 1 லட்சம் ரூபாய்க்குப் பிணைப் பத்திரம் தர வேண்டும். செலவு வரம்பைப்போல் 20 மடங்கு இது. 2024-இல் நான்கு பதவிகளுக்கு நின்றவர்கள் 21 பேர். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டால், சட்டப்படி அனுமதித்த மொத்தச் செலவு 1.05 லட்சம், பிணைத்தொகை 21 லட்சம். ஏழை மாணவர் இதைப் பார்த்தே பின்வாங்குவார் என்ற எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் டெல்லிச் சட்டமே சுவரைக் கெடுப்பவருக்கு 50,000 ரூபாய் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. அதை ஒழுங்காகச் செயல்படுத்தினாலே போதும்.

சட்டம் ஏட்டில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்தது. இருந்தும் 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், வரவேற்பு பேனர் ஒன்று சரிந்து விழுந்ததில் 23 வயது மென்பொருள் பொறியாளர் உயிரிழந்தார்.

வரவு எவ்வளவு?

இத்தனை காகிதத்துக்கும் பலன் இருந்ததா என்பதுதான் கடைசிக் கேள்வி. 2023-இல் வாக்களித்தவர்கள் சுமார் 42 சதவீதம். 2024-இல் அது சுமார் 35 சதவீதமாக இறங்கியது, 1.45 லட்சம் பேரில் ஏறத்தாழ 94,000 பேர் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை. 2025-இல் சுமார் 39 சதவீதம். 2024-இல் தலைவர் பதவியை வென்றவர் பெற்றது சுமார் 20,200 வாக்கு. மொத்த வாக்காளர்களில் நூற்றுக்கு 14 பேர். சுவர் நிறைந்தது, பெட்டி நிறையவில்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய பணம் வேண்டாம். செலவு வரம்பை 15,000 அல்லது 20,000 என்று நாணயமாக உயர்த்தலாம். இரண்டு வாரத்தில் தரவேண்டிய கணக்கைக் கோப்பில் பூட்டாமல் எல்லோரும் பார்க்க வெளியிடலாம். எல்லா வேட்பாளருக்கும் தலா ஒரு பக்கம் கொடுத்து, தேர்தல் தேதி, நேரம், கொள்கை ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் பல்கலைக்கழகமே ஒவ்வொரு மாணவருக்கும் அனுப்பலாம். அதற்கு ஒரு தாள்கூடச் செலவாகாது. பணம் உள்ளவர் குரலும் இல்லாதவர் குரலும் ஒரே அளவில் போய்ச் சேரும்.

அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம், டெல்லியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கட்டும்: 'உங்கள் செலவுக் கணக்கு எங்கே?' காட்டுகிறவருக்கு வாக்களிக்கட்டும்.