ஊரில் கரண்டு போனால் கூரை சோலாரும் நிற்கும்: லாங் ஐலண்ட் வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

கூரை சோலாருக்கு மானியம் தரும் பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. மானியம் வேண்டுமென்றால் 2027 மார்ச் 31-க்குள் வேலை முடிய வேண்டும் என்பதால், அந்தமானின் லாங் ஐலண்டிலிருந்தும் ரங்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே நம்பிக்கை: சோலார் போட்டுவிட்டால் இனி நம் வீட்டில் கரண்டு போகாது.

போகும். மானியத்தோடு வரும் சாதாரண அமைப்பில், ஊரில் கரண்டு போன சில நொடிகளிலேயே உங்கள் சோலாரும் நின்றுவிடும். உச்சிவெயில் கொளுத்தினாலும் நிற்கும். நான் பார்த்த விளம்பரம் எதிலும் இந்த வரி இல்லை. அதனால் இதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கூரைத் தகடுகள் தருவது நேர் மின்சாரம். அதை வீட்டுக்கு ஏற்ற மாறு மின்சாரமாக்குவது இன்வெர்ட்டர். மானியத் திட்டத்தில் வழக்கமாகப் பொருத்தப்படும் இன்வெர்ட்டர் தானாக ஓடாது. மின்துறை லைனில் வரும் வோல்டேஜையும், நொடிக்கு 50 சுற்று என்ற அலைவெண்ணையும் பார்த்து, அதோடு இணைந்தே ஓடும். லைன் செத்தால், அல்லது அலைவெண் வரம்பை விட்டு விலகினால், உடனே தன்னைத் துண்டித்துக்கொள்ளும். பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும். மாடியில் தகடு சூடேறிக் கிடக்கும், கீழே மின்விசிறி நின்றிருக்கும். கரண்டு திரும்பியதும் உடனே சேராது. சில நிமிடம் லைனைக் கவனித்துவிட்டுத்தான் சேரும்.

இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேன் மீது, உங்கள் கூரையிலிருந்து வரும் மின்சாரம் பாயக் கூடாது. ஓர் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. அதை நான் குறை சொல்லவில்லை. என் கவலை, அது இந்தத் தீவில் எப்படி வேலை செய்யும் என்பதில்தான்.

சென்னையில் ஒரு வீட்டு இன்வெர்ட்டருக்குப் பின்னால் நாடு முழுவதையும் இணைத்த மின்தொகுப்பு நிற்கிறது. ஒரு தெருவின் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடினாலும் அலைவெண் அசையாது. அந்தமானுக்கு அந்தத் தொகுப்போடு தொடர்பே இல்லை. லாங் ஐலண்டின் பின்னால் நிற்பது உள்ளூர் பவர் ஹவுஸின் டீசல் ஜெனரேட்டர். சிறிய தொகுப்பில் ஒரு பெரிய மோட்டார் கிளம்பினாலே அலைவெண் சற்றுத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் வரம்பைத் தாண்டினால், ஊரில் உள்ள சோலார் இன்வெர்ட்டர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விலகிக்கொள்ளும். அவை சுமந்த சுமை முழுதும் அந்த நொடியில் ஜெனரேட்டர் தலையில் விழும். அது தாங்காவிட்டால் ஊரே இருளும். கூரைக்கூரையாகச் சோலார் பெருகப் பெருக இந்த ஆபத்தும் பெருகும்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. டீசல் ஜெனரேட்டரைத் தன் திறனில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் எரிபொருள் சரியாக எரியாது, கரி படியும், எஞ்சின் கெடும். வெயில் நன்றாக அடிக்கும் நடுப்பகலில் எல்லா வீடும் லைனுக்குள் மின்சாரம் தள்ளினால் நிலைமை அங்கேதான் போய் நிற்கும். இரண்டுக்கும் மருந்து பேட்டரி. ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேரில், என்.எல்.சி. நிறுவனம் 20 மெகாவாட் சோலார் நிலையத்தைக் கட்டியபோது 8 மெகாவாட்-மணி பேட்டரியையும் சேர்த்துத்தான் கட்டியது. பெரிய நிலையத்துக்குத் தேவைப்பட்ட பேட்டரி சின்னத் தீவின் வீடுகளுக்கு வேண்டாமா? வீட்டுத் திட்டத்தின் மானியக் கணக்கில் பேட்டரிக்கு இடமில்லை. இந்தத் திட்டம் நிலப்பரப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இனி ‘இலவச மின்சாரம்’. மாதம் 300 யூனிட் இலவசம் என்கிறார்கள். அது அரசு தரும் யூனிட் அல்ல; உங்கள் பணமும் மானியமும் சேர்ந்து வாங்கிய தகடு தயாரிக்கும் யூனிட். 3 கிலோவாட் அமைப்பு தினம் 10 யூனிட் தந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். வெயில் மாதங்களில் தரும். இரண்டு பருவமழையும் பெய்யும் தீவில், மே தொடங்கி ஆண்டிறுதி வரை மேகம் மூடிய நாட்களில் தராது.

லாபம் யாருக்கு என்பதையும் கேட்க வேண்டும். டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்குச் சுமார் மூன்றரை யூனிட் தரும். அந்த டீசல் கடல் கடந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவு, வீட்டுக்காரர் கட்டும் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. மிச்சத்தை அரசு ஏற்கிறது. உங்கள் கூரை 10 யூனிட் தயாரித்தால், உங்களுக்கு மிச்சமாவது மானியக் கட்டணத்தில் 10 யூனிட் பில். அரசுக்கு மிச்சமாவது ஏறக்குறைய 3 லிட்டர் டீசல். பெரிய பங்கு அரசுக்குப் போகும்போது, பேட்டரிக்கும் சேர்த்து உதவச் சொல்லித் தீவுவாசிகள் கேட்பது சலுகை கேட்பதாகாது.

அப்படியென்றால் போட வேண்டாமா? போடுங்கள். புகையும் சத்தமும் டீசலும் குறைவது ஊருக்கே நல்லது. ஆனால் முடிந்தால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் சிறிய பேட்டரியும் சேர்த்துப் போடுங்கள். அது கரண்டு போகும்போது லைனிலிருந்து வீட்டைப் பிரித்துவிட்டு விளக்கு, மின்விசிறி, போன் சார்ஜரை ஓட்டும்; லைன்மேனுக்கும் ஆபத்தில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

மானியம் எவ்வளவு? அந்தமானுக்கு 10 சதவீதம் கூடுதல்: முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ரூ.33,000, மூன்றாவதுக்கு ரூ.19,800, உச்சம் ரூ.85,800. தமிழ்நாட்டில் உச்சம் ரூ.78,000.

மானியம் முன்பே வருமா? வராது, வேலை முடிந்து, லைனிலிருந்து எடுத்ததையும் லைனுக்குக் கொடுத்ததையும் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்தி, சோதனையான பிறகே வங்கிக் கணக்கில் விழும்.

பணம் இல்லையென்றால்? பிணையில்லாக் கடன் உண்டு; அதுவும் கடன்தான்.

எவ்வளவு இடம்? கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாமல்.

தகரக் கூரை தாங்குமா? தகரத்தைப் பார்க்காதீர்கள், அடியில் உள்ள மரச்சட்டத்தைத் தச்சரிடம் காட்டுங்கள்.

கடல் உப்பு? துருப்பிடிக்காத எஃகு போல்ட், அலுமினியச் சட்டம், உப்புக்காற்றுச் சோதனைச் சான்று பெற்ற தகடு, மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுத் தகடு மலிவாகக் கிடைக்கிறதே? மானியம் கிடைக்காது.

பழுதுபார்க்க யார் வருவார்? கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்திடம் இதைக் கேளுங்கள். ஏரட்டா ஜெட்டியிலிருந்து படகேறி ஆள் வர வேண்டும்; எத்தனை நாளில் வருவார், படகுச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். கரண்டு போனால் இந்த இன்வெர்ட்டர் ஓடுமா, ஓடாதா என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.