மணப்பெண் முகத்தில் வெண்புகை

பிலிம் காமிராவில் எடுத்த கலியாணப் படத்தில் மணப்பெண்ணின் முகத்தை வெண்புகை மறைத்திருந்தால், உடனே பிலிம் கழுவியவர் மீது பழி போட்டுவிடுகிறோம். பாவம், அவர் பெரும்பாலும் நிரபராதி! தாலி கட்டும் வேளை மறுபடி வராது. ஆகையால் அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பாவது உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

படத்தை வைத்துவிட்டு, நெகடிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். புகை அதில் கறுப்பாகத் தெரியும். அக்கறுப்பு படத்தின் எல்லையைத் தாண்டி ஓரத்துத் துளைகள் வரையில் பரவியிருந்தால், பெரும்பாலும் பின்கதவு வழியாகவே ஒளி புகுந்திருக்கிறது. 1970-களில் வந்த ஜப்பானியக் காமிராக்கள் பலவற்றில் கதவோரத்து நுரைப்பஞ்சு நாளடைவில் பிசுபிசுத்துப் பொடிந்துவிடும். அதைச் சுரண்டிவிட்டுப் புதிது ஒட்டுவது பெரிய காரியமல்ல.

கறுப்பு படத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா? சூரியனை எதிரே வைத்து எடுத்தோமா, லென்ஸில் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடிப்புக் காமிராவானால் முதல் சந்தேகம் துருத்தியின் மேல்தான். பிலிம் இல்லாதபோது, இருட்டறையில் அதனுள்ளே சிறு விளக்கைப் பிடித்தால், மடிப்பு மூலைகளில் ஊசித் துளைகள் நட்சத்திரம் போல மின்னும். அழகான காட்சிதான், படத்துக்குத்தான் ஆகாது.

சுருள் முழுவதும், ஓரம் உள்பட, ஒரே சீராக மங்கியிருந்தால், பிலிமின் காலாவதித் தேதியை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் வேண்டுமானால் கழுவியவரிடம் போய்க் கேட்கலாம்.